குரங்கு வேண்டாம் என்று விட்ட ரொட்டி

ராசு,

நீ காதர் பாய் லாரியில் அனுப்பிய கூடை புதன்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. பேரிக்காய், ஆப்பிள், வாழைப்பழம், துணியில் சுற்றிய ரொட்டி எல்லாம் நீ அடுக்கிய மாதிரியே இருந்தன. அத்தனையையும் உருளைக்கிழங்குக் காட்டின் ஓரத்தில் குழி வெட்டிப் போட்டு, சுண்ணாம்பு கொட்டி மூடிவிட்டேன். மாட்டுக்குக்கூட வைக்கவில்லை. நம் மாடு உனக்கு என்ன கெடுதல் செய்தது? கூடையை மட்டும் வெந்நீரில் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இதை நான் யாரையும் வைத்து எழுதவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த கை இது. நீ மெட்ரிகுலேஷன் வரை ஏறி அங்கே வழுக்கி விழுந்தவன். ஆனாலும் உன் கடிதத்தில் இருக்கிற பிழை என் கடிதத்தில் இருக்காது. படிக்கப் படிக்க உனக்குக் கோபம் வரும். வரட்டும். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து படி. கை கழுவுவதை மட்டும் மறந்துவிடாதே.

கூடையைக் கண்டதும் உன் பெண்டாட்டி பூவாத்தாளுக்குக் கண் இரண்டும் விரிந்துவிட்டன. பைக்காராவில் துரை கொடுத்த குவார்ட்டர்ஸ், கண்ணாடி ஜன்னல், வீட்டுக்குள்ளேயே குழாய், பிள்ளைகள் வாசலில் நின்றே குரங்கைப் பார்க்கலாம் என்று நீ சொல்லி அனுப்பியதையெல்லாம் அவள் ஏற்கெனவே கோத்தகிரி கடைவீதி முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை லாரியில் கிளம்புவதற்குப் பெட்டிகூடக் கட்டிவிட்டாள். பிள்ளைகள் கூடையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். காதர் பாய் வாசலில் நின்று டீ குடித்தபடி உன் புகழ் பாடினார்.

"அம்மா, உங்க மவனை இப்பப் பாக்கோணுமே நீங்க! காக்கிக் கோட்டு, பித்தளைப் பொத்தான், பூட்ஸு. கொரங்குக் கொட்டாய்க்கே அவருதான் சூப்பர்வைசருங்க. அங்க தொரைக்கு அடுத்தது அவருதான்."

"தொரைக்கு அடுத்ததா, கொரங்குக்கு அடுத்ததா? செரியாப் பாத்துச் சொல்லுங்க பாய்," என்றேன்.

"அட போங்கம்மா, உங்களுக்கு எப்பவும் நக்கலுதான்," என்று சிரித்தார். "போன வாரம் கோழிக்கோட்டுல கப்பலெறங்கி நாடுகாணி வழியாப் புதுசு வந்திருக்குது. எல்லாம் வெளிநாட்டுக் கொரங்கு. அதுல நாலஞ்சு மட்டும் மூலையில குந்தி வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடக்குது, தீனி எடுக்கறதில்லே. தொரை வந்து பாத்துட்டு, அது ஒண்ணுமில்ல, பயணக் களைப்புன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாராம்."

பயணக் களைப்பு. இத்தனை வருஷம் கழித்து அதே சொல். நான் அவரிடம் மேலும் ஏதோ கேட்கப் போனேன். அதற்குள் பூவாத்தாள் ரொட்டியைப் பிட்டுப் பெரியவள் வாயில் ஒரு துண்டு வைத்து, சின்னவனுக்கு ஒன்று ஊட்டிவிட்டாள். ரொட்டியைப் பிட்டதும் அந்த வாடை எழுந்தது. மீன் எண்ணெய் வாடை. நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பெரியவள் வாய்க்குள் விரலை விட்டு, தொண்டை வரை போய்த் தோண்டி எடுத்தேன். அவள் என் முந்தானையிலேயே வாந்தி எடுத்தாள். பூவாத்தாள் அலறினாள்.

"ஏனுங்க அத்தை, பிள்ளை தொண்டையக் கிழிச்சுப் போடாதீங்க! அவரு நல்லதாப் பாத்துத்தானுங்க அனுப்பியிருக்காரு!"

"அவன் நல்லதாப் பாத்து அனுப்புவான். அவங்கப்பனும் நல்லதாப் பாத்துத்தான் கொண்டாந்தாரு," என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கும் புரியாது. உன் தங்கை ருக்கு காய்ச்சலில் போனாள் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். உங்கப்பா உயிரோடு இருக்கும்வரை வேறு எதுவும் சொல்லக் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாருக்காக மூடி வைக்க வேண்டும்?

அப்போது நாம் கீழ் கோத்தகிரித் தோட்டத்தில் இருந்தோம். உங்கப்பா பெரிய துரை பங்களாவில் பட்லர். வெள்ளைக் கோட்டு, வரிசையாகப் பித்தளைப் பொத்தான். அந்தப் பொத்தான்களுக்குச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது என் வேலை. கோட்டைப் போட்டுக்கொண்டால் அவர் நடை மாறிவிடும், குரல் மாறிவிடும், பெற்ற பிள்ளைகளைப் பார்க்கிற பார்வைகூட மாறிவிடும். கோட்டைக் கழற்றினால் நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் அதைக் கழற்றுகிற நேரம் குறைவு.

தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் பங்களாவின் பின்கதவில் துரை மேசையின் மிச்சத்தை உங்கப்பா பங்கு வைப்பார். ரொட்டி ஓரம், உதிர்ந்த கேக், எலும்பில் ஒட்டிய கறி. அதை வாங்க லைன் பெண்கள் தட்டோடு நிற்பார்கள். பசிக்காக நின்றார்கள் என்றால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். தோட்டம் போட்ட அரிசியில் கல்லும் புழுவும்தான் பாதி. ஆனால் அவர்கள் நின்றது அந்தஸ்துக்காக. முதலில் பெரிய கங்காணி வீடு, அடுத்து ஃபாக்டரி டீ மேக்கர் வீடு, அப்புறம் கணக்குப்பிள்ளை வீடு, அப்புறம் பழைய ஆட்கள், புதிதாகக் கீழேயிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் பிறகு. லைனின் கோடியில் கக்கூஸ் கழுவுகிற மாரியின் குடும்பம் இருந்தது. அவர்கள் அந்தப் பின்கதவுப் பக்கம் தலைகாட்டவே கூடாது. யாருக்கு ரொட்டியின் நடு, யாருக்கு ஓரம் என்று தினம் ஒரு வழக்கு நடக்கும்.

"ஏனுங்க பட்லருங்க, டீ மேக்கர் ஊட்டுக்கு நடுத்துண்டு, எங்களுக்கு ஓரமுங்களா? எங்க ஊட்டுக்காரரு என்ன பெரிய கங்காணியா, எருமை மேய்க்கறவரா?" என்பாள் கங்காணி பெண்டாட்டி.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நாளைக்கு நடுத்துண்டு உங்களுக்குத்தானுங்க," என்பார் உங்கப்பா, ஏதோ ஒரு கிராமத்தையே எழுதிக் கொடுக்கிறவர் மாதிரி. அந்தத் துண்டை அவள் அப்படியே தின்றுவிட மாட்டாள். தட்டில் வைத்து, மூடாமல், லைன் முழுக்க நடந்து வீட்டுக்குப் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய துரையின் தம்பி சீமையிலிருந்து வந்து இறங்கினார். டாக்டர் துரை என்று பேர். ஒரு மனுஷனுக்கு நாடி பிடித்துப் பார்த்ததை நான் கண்டதில்லை. எதைத் தின்றால் எலும்பும் பல்லும் உறுதியாகும் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். அதற்குக் குரங்கு வேண்டுமாம். சுற்றிலும் சோலை, சோலை முழுக்கக் குரங்கு. அடுப்படியில் புகுந்து சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற குரங்கு. அதெல்லாம் ஆகாதாம். இந்த ஊர்க் குரங்கின் மேல் இந்த ஊர் அழுக்கு ஒட்டியிருக்குமாம், அவருக்குச் சுத்தமான குரங்கு வேண்டுமாம். அதற்காக ஜாவாவிலிருந்து கப்பலில் வரவழைத்தார். நீலகிரிக்கு வெளிநாட்டிலிருந்து குரங்கு இறக்கிய மகாபுத்திசாலியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீ படித்த படிப்பில் இப்படி ஒருவர் வந்தாரா?

அவற்றை எதிர்கொள்ள உங்கப்பா நாடுகாணி வரை போனார். சம்பந்தி வீட்டாரை அழைத்து வரப் போகிற மாதிரி, கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். மழையில் மாட்டுவண்டிகள் மலையேறி வந்தன. மரப்பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று. மேல்பெட்டிக் குரங்கின் கழிவெல்லாம் கீழ்ப்பெட்டிக் குரங்கின் தலையில் வழிந்துகொண்டிருந்தது. சாலையோர மரத்தில் நம் காட்டுக் குரங்குகள் உட்கார்ந்து இந்த ஊர்வலத்தை வேடிக்கை பார்த்தன. அதைப் பார்த்துவிட்டு மலையாளத்து வண்டிக்காரன் ஒருவன், "எந்தா பட்லரே, மேல இருக்கறதும் கொரங்கு, பெட்டியில இருக்கறதும் கொரங்கு. நடுவுல கோட்டு போட்டது யாராக்கும்?" என்று கேட்டிருக்கிறான். இதை உங்கப்பா வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு சொன்னார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன். நான் அந்த விஷயத்தில் சிரித்தது அது ஒரு தடவைதான்.

பழைய காப்பிக் கிடங்கைக் குரங்குக் கொட்டாயாக மாற்றியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோதே பாதிக் குரங்குகள் முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பின்பக்கமெல்லாம் சளியும் இரத்தமும். டாக்டர் துரை எட்டிப் பார்த்தார். பயணக் களைப்பு என்றார். இரண்டு செத்தன. அப்போதும் பயணக் களைப்பு. மேலும் சாகத் தொடங்கியதும் பேச்சை மாற்றினார். இது சீதபேதி, கூலிகளிடமிருந்து என் குரங்குகளுக்குத் தொற்றிவிட்டது என்றார். லைனில் அப்போது ஒரு குழந்தைக்குக்கூட வயிற்றுப்போக்கு இல்லை. மனுஷனுக்கும் குரங்குக்கும் அந்த வியாதி பொது, கண்ணுக்குத் தெரியாத கிருமி அது, கழிவிலிருந்து கைக்கும் கையிலிருந்து வாய்க்கும் போகிறது என்று பிற்பாடு ஒரு மிஷன் டாக்டரம்மா எனக்குச் சொன்னார். கப்பலில் யார் யாருக்குக் கொடுத்தார்களோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் டாக்டர் துரைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கொட்டாய்க்குள் நுழைகிறவர்கள் ஃபினாயில் தட்டில் காலை நனைக்க வேண்டும், வாயில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். எல்லாம் நம் மூச்சுக்காற்று பட்டுக் குரங்குக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக. உங்கப்பாவுக்கு அதிலும் பெருமை. அந்தத் துணியை அவிழ்க்காமலே வீடு வரை வருவார், லைன் பார்க்கட்டும் என்று.

சாகக் கிடக்கிற குரங்கு தின்னுமா? காலையில் கூண்டுக்குள் வைத்த கிண்ணம் சாயங்காலம் அப்படியே வெளியே வரும். பாலில் ஊறிய ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம். எலும்பு உறுதிக்காக ரொட்டியில் மீன் எண்ணெய் விட்டிருக்கும். மிச்சத்தைக் குழியில் கொட்ட வேண்டும் என்பது உத்தரவு. உங்கப்பாவுக்குக் கொட்ட மனம் வரவில்லை. வெள்ளை ரொட்டியைக் குழியில் போடுவது அவர் சாஸ்திரத்தில் இல்லை. கொண்டுபோய்ப் பங்களாவின் பின்கதவில் வைத்துப் பங்கு போட்டார். துரை மேசையிலிருந்து வந்தது என்று அவர் லைன் பெண்களிடம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வேறு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

அந்த நாற்றத்துக்காவது யாராவது கேட்டிருக்க வேண்டும். மீன்கூடையைத் திறந்து வைத்த மாதிரி வீசும். முதல் நாள் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். கங்காணி பெண்டாட்டி அவளைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டாள்.

"சீமைச் சமையல் அப்படித்தாண்டி வாசமடிக்கும். களி தின்னு வளந்த மூக்கு உனக்கு, அது தெரியுமா? தின்னத் தின்னப் பழகிரும்."

முகத்தைச் சுளிக்காமல் தின்றும் காட்டினாள். அவள் தின்றதைப் பார்த்து டீ மேக்கர் வீட்டில் தின்றார்கள். டீ மேக்கர் வீட்டைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை வீட்டில் தின்றார்கள். நாறுகிறது என்று சொன்னவர்களைப் பட்டிக்காடு என்று சிரித்தார்கள். கெட்டுப்போன மீன் நாற்றத்தை அந்தஸ்து என்று மூச்சு இழுத்து முகர்ந்தவர்களை வேறு எந்த ஊரிலாவது பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. நான் தின்னவில்லை. அதில் என் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை, எனக்கு ரொட்டியே இறங்காது.

பட்லர் வீடு என்பதால் நம் வீட்டுக்கு எல்லாருக்கும் முன்னால் பங்கு. ருக்குவுக்கு அப்போதுதான் பேச்சு தெளிந்திருந்தது. பாலில் ஊறிய ரொட்டி என்றால் அவளுக்கு உயிர். நீ ஒரு வாய் வைத்தாய், உடனே துப்பினாய். உங்கப்பாவின் கோட்டு மேலேயே துப்பினாய்.

"பங்களா ரொட்டியத் துப்பறயாடா, நாயே?" என்று அறைந்தார். "தின்னுடா!"

"நாறுதுங்கப்பா."

"நாறுதா? தொரையே திங்கறதுடா இது!" இன்னொரு அறை. அடுத்த நாளும் ஊட்டினார், அடுத்த நாளும் துப்பினாய், அடுத்த நாளும் வாங்கினாய். ஒரு வாரத்துக்கு உன் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. பிடிவாதம் பிடித்த கழுதை என்று நானும்தான் உன்னைத் திட்டினேன். அந்த அடி உனக்கு ஞாபகம் இருக்கும். எதற்கு அடித்தார் என்பது மறந்துபோயிருக்கும். மறந்திருக்காவிட்டால் இந்தக் கூடை வந்திருக்காது.

பிறகு லைனில் பேதி வந்தது. அந்த நோய்க்கு இருந்த மரியாதை யாருக்கும் வராது. வரிசை மாறாமல் வந்தது. பெரிய கங்காணியின் கடைசி மகன், டீ மேக்கரின் இரண்டு பிள்ளைகள், கணக்குப்பிள்ளையின் தாயார், நம் ருக்கு. நடுத்துண்டு வாங்கிய வீட்டில் கடுமையாக, ஓரம் வாங்கிய வீட்டில் கொஞ்சம் இலேசாக. கோடியில் இருந்த மாரி வீட்டில் மட்டும் பிள்ளைகள் எப்போதும்போல் புழுதியில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குப் புத்தி வேலை செய்தது. எப்படி வேலை செய்தது என்று கேள். கங்காணி லைன் வாசலில் கூட்டம் போட்டு, மாரியையும் அவள் புருஷனையும் நடுவில் நிறுத்தினார்.

"லைன் பூரா ரத்தமாக் கெடக்குது. உன்ற ஊட்டுல மட்டும் ஒரு பிள்ளைக்கும் ஒண்ணுமில்ல. என்னடி வெச்சே? எங்க பொதச்சே?"

"நாங்க என்னத்தைங்க வெச்சோம்? உங்க பீயை அள்ளிக் கொட்டறதுக்கே நேரம் பத்தலீங்க, சூனியம் வெக்க எங்கீங்க போறது?" என்றாள் மாரி.

"வாய் பேசறா பாரு! ஞாயித்துக்கெழமைக்குள்ள தோட்டத்த உட்டுப் போயிரோணும். இல்லீன்னா ஊடு எரியும்."

சும்மா மிரட்டவில்லை. சீமெண்ணெய் டின் ஒருவன் கையில் இருந்தது. நான் ருக்குவை மடியில் போட்டுக்கொண்டு நம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. அந்த நேரத்தில்தான் டாக்டர் துரை லைனுக்குள் வந்தார். நம் பிள்ளைகளைப் பார்க்க வரவில்லை. தம் குரங்குகளுக்கு வியாதி கொடுத்த கூலிகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து, லைன் முழுக்க மருந்து தெளிக்க வந்தார். உங்கப்பா கோட்டும் வாய்த்துணியுமாகப் பின்னால் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். கங்காணி வீட்டு வாசலில் ஒரு எனாமல் கிண்ணத்தில் முந்தின நாள் ரொட்டி பாதி இருந்தது. டாக்டர் துரை அதை எடுத்தார், முகர்ந்தார். முகம் செங்கல்லாகிவிட்டது.

"பட்லர்! இது என் கொரங்கு ரொட்டி! யார் குடுத்தான்? என் கொரங்கு பட்டினி, நீ திருடன்!"

திருடன் என்ற சொல்லை உங்கப்பாவால் தாங்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னால், அந்தக் கோட்டோடு. வாய்த்துணியை இழுத்து விட்டுக்கொண்டு கையைக் கூப்பினார்.

"திருடலீங்க தொரை! சாமி சத்தியமாத் திருடலீங்க! மிச்சந்தானுங்க. சீக்குக் கொரங்கு வேண்டாம்னு உட்டதுதானுங்க தொரை!"

கங்காணி பெண்டாட்டி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நடுத்துண்டுக்காக வருஷக்கணக்கில் வழக்காடிய வாய். மாரி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எங்களுக்கும் குடுத்திருந்தா நாங்களுந்தான் தின்னிருப்போம், சாமி. கிட்டக்க வராதேன்னீங்க. பொழச்சோம்." சொல்லிவிட்டுத் தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனாள். சீமெண்ணெய் டின் வைத்திருந்தவன் அதைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அதுதான் அவர்கள் கேட்ட மன்னிப்பு.

டாக்டர் துரை அப்புறமும் போகவில்லை. அந்த மனுஷன் வைத்தியம் படித்தவர். என் மடியில் பிள்ளை கிடக்கிறது, கண்ணால் பார்க்கிறார். குனிந்து ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்து நான் ருக்குவைக் கொஞ்சம் தூக்கிக்கூடப் பிடித்தேன். அவர் உங்கப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். "எந்தக் கூண்டு? எந்தக் கொரங்கு கிண்ணம்?" அவர் ஆராய்ச்சிக்கு அது தெரிய வேண்டுமாம்.

மறுநாள் விடியலில் அவளைக் கம்பளியில் சுற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டரம்மா, பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்றுதான் முதலில் கேட்டார். நான்தான் சொன்னேன். அந்த அம்மாள் எங்களைத் திட்டவில்லை, பிள்ளைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார், லைனில் எல்லாரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும், மலம் பட்ட துணியைத் தனியாக வேக வைக்க வேண்டும் என்று ஆளனுப்பிச் சொன்னார். கங்காணி மகன் பிழைத்தான். டீ மேக்கர் வீட்டில் ஒன்று போயிற்று. நம் வீட்டில் ருக்கு போனாள்.

அவளைப் புதைக்கும்போது உங்கப்பா கோட்டோடு வந்தார். இங்கேயுமா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குழிக்குப் பக்கத்தில் வந்ததும் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை அவள்மேல் போர்த்தி, கால் வரைக்கும் இழுத்துவிட்டு, அப்படியே இறக்கச் சொன்னார். அடுத்த வாரம் பங்களாவிலிருந்து வேலையை விட்டு நீக்கினார்கள். பெரிய துரை கோட்டைத் திருப்பிக் கேட்டார், புது பட்லருக்கு வேண்டுமாம். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். "தொலஞ்சு போச்சுங்க தொரை," என்றார் உங்கப்பா, தரையைப் பார்க்காமல், துரை முகத்தை நேரே பார்த்து. அவர் வாழ்நாளில் அந்தப் பங்களாவிலிருந்து எடுத்த ஒரே பொருள் அது, அங்கே சொன்ன ஒரே பொய்யும் அது. அந்த ஒரு பொய்க்காகத்தான் அவர் சாகும்வரை நான் அவருக்குச் சோறு போட்டேன்.

குரங்குகள் எல்லாம் செத்தன. கடைசியாகச் செத்தது டாக்டர் துரைக்குப் பிரியமானதாம். பங்களாத் தோட்டத்தில் புதைத்து, இங்கிலீஷில் பேர் வெட்டிய கல் நட்டு, அதன் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றாராம். ருக்கு கிடக்கிற இடத்தில் இப்போது தேயிலை நட்டிருக்கிறார்கள். அந்தக் கொழுந்தையும் பறித்து, வறுத்து, பெட்டியில் அடைத்து அனுப்பியிருப்பார்கள். யார் குடித்தார்களோ.

அந்தப் பெரிய துரையின் மகன்தான் இப்போது பைக்காராவில் அதே ஆராய்ச்சிக்கு மறுபடி குரங்குக் கொட்டாய் போட்டு, உனக்குப் பித்தளைப் பொத்தான் மாட்டிவிட்டிருக்கிறார். பழைய பட்லர் மகன், விசுவாசமான குடும்பம் என்று தேடிக் கூப்பிட்டாராமே? காதர் பாய் அதையும் பெருமையாகச் சொன்னார். உங்கப்பாவைத் திருடன் என்று நீக்கியதும், விசுவாசத்துக்கு நாம் என்ன கொடுத்தோம் என்பதும் அந்தத் துரைக்குத் தெரியாது. இன்றோடு உனக்குத் தெரியும். நீ கூண்டிலிருந்து எடுத்து அனுப்பியிருக்க மாட்டாய், குரங்குத் தீனிக் கிடங்கிலிருந்துதான் எடுத்திருப்பாய். அந்த அளவு நம்புகிறேன். ஆனால் கூண்டைக் கழுவுகிற கையும் ரொட்டியை அடுக்குகிற கையும் அங்கே ஒன்றுதானே? அதை ஒரு நிமிஷம் நின்று யோசித்தாயா? யோசித்திருக்க மாட்டாய். சூப்பர்வைசர் வீட்டுப் பிள்ளைகள் துரை ரொட்டி தின்கிறார்கள் என்று கோத்தகிரி பார்க்க வேண்டும், அவ்வளவுதான் உன் யோசனை. கங்காணி பெண்டாட்டி தட்டை மூடாமல் லைன் முழுக்க நடந்தாள், நீ லாரியில் ஏற்றி மலை முழுக்க அனுப்பியிருக்கிறாய்.

இதையெல்லாம் நேற்று பூவாத்தாளிடம் சொன்னேன். அவள் கட்டி வைத்த பெட்டியைப் பிரித்து, துணிகளை மறுபடி கொடியில் போட்டாள். பெரியவளுக்கு வயிறு சரியாக இருக்கிறது. கொதிக்க வைத்த தண்ணீர்தான் கொடுக்கிறேன். கஞ்சி குடித்தாள், தூங்குகிறாள். சின்னவனைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. நான் பெரியவளோடு போராடிக்கொண்டிருந்தபோது அவன் வாயில் இருந்த துண்டை ஒரு தடவை மென்றான், மூக்கைச் சுருக்கினான், தூவென்று துப்பினான். எங்கே துப்பினான் தெரியுமா? காதர் பாயின் செருப்பின் மேல். பூவாத்தாள் அடிக்கக் கை ஓங்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்கண்டு டப்பாவைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன், வேண்டுமட்டும் எடுத்துக்கொள் என்று. அவன் முகத்தைப் பார்க்கிறேன், அப்படியே உன் முகம்.

காதர் பாய் லாரி வெள்ளிக்கிழமை பைக்காராவுக்கு வரும். அதில் உன் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். இந்தக் கடிதமும் கழுவிய வெறும் கூடையும் இருக்கும். கடிதத்தைப் படித்ததும் முதலில் உன்கீழே கூண்டு கழுவுகிறவர்களைக் கூப்பிடு. அங்கேயும் பின்கதவு ஒன்று இருக்கும், அங்கேயும் ரொட்டி வீட்டுக்குப் போயிருக்கும். யார் யார் வீட்டுக்கு என்று கேள். இந்தக் கதையை அவர்களுக்குச் சத்தமாகச் சொல், துரை காதில் விழுந்தாலும் பரவாயில்லை. பிறகு அந்தக் காக்கிக் கோட்டைக் கழற்றி, பொத்தான் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, கூடையில் வைத்துத் துரை வாசலில் வைத்துவிடு. தொலைந்து போயிற்று என்று பொய் சொல்லும்படி உன் பிள்ளைகளில் ஒன்றுக்கு அதைப் போர்த்துகிற நாள் உனக்கு வேண்டாம். வைத்துவிட்டு அதே லாரியில் ஏறி வா.

வெந்நீர் போட்டு வைக்கிறேன். குளித்துவிட்டு வீட்டுக்குள் வா. ராகிக் களியும் கீரையும்தான் இருக்கும். பிடித்தால் தின்னு. பிடிக்காவிட்டால் துப்பு. இங்கே யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள்.

உன் அம்மா